மெத்தையில் இல்லாத பூச்சி

இந்த வயதிலும் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிப் பிழைக்கிறவள் நான். வேலை நேரத்தில் காலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் மெத்தையில் சாய்ந்தால், தோலுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். எழுந்து நடந்தால் நின்றுவிடும்.

அது மருமகள் கட்டிங் வேஸ்ட் துணித்துண்டுகளை அடைத்துத் தைத்துக் கொடுத்த மெத்தை. "ஏம்புள்ள, பூச்சியா ரொப்பி வெச்சிருக்கற?" என்று சத்தம் போட்டு, வாசலில் போட்டுக் கொளுத்தினேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வெறும் தரையில் படுத்தேன், அங்கேயும் ஊர்ந்தது. பயந்துபோனேன்.

அவளேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஊர்றது கால்லீங்க!" என்றேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு குறைவு, அதனாலும் கால் இப்படிச் செய்யும் என்றார்.

"ஏனுங்கத்தை, பூச்சி கழுத்துலீங்களா இருந்துச்சு? அதையும் கொளுத்தீரலாமுங்களா?" என்றாள் மருமகள். அப்போதுதான் பேசினாள்.

கழுத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் காபிக்கு முன்னால் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறேன். ஊர்வது குறைந்திருக்கிறது. உடம்புக்கு எது வந்தாலும் இப்போது டாக்டரிடம் கேட்கிறேன், வீட்டில் சண்டை பிடிப்பதில்லை. புது மெத்தைக்கு வேஸ்ட் நான் கொண்டுவந்தேன். தைத்தது அவள்தான்.