இருபது நிமிடக் கெடு

மடிக்கணினியில் இன்று காலை சிவப்பாக ஒரு வரி: ‘நேரம் முடிந்தது. வேலை நிறுத்தப்பட்டது.’ பக்கத்தில் ஏலக்காய் தட்டிப்போட்ட டீ. சொன்னால் சிரிக்காதீர்கள், அந்த வரியும் இந்த வாசனையும் ஒன்றாக வந்தால் எனக்குப் போடி ஏலக்காய் ஏல மையத்துப் பெஞ்சுதான் ஞாபகம் வரும்.

அங்கேதான் என் முதல் வேலை. மலையிலிருந்து வரும் காயைக் காலையில் நம்பர் போட்டுப் பதிவோம். மதியம் ஒன்றரைக்கு நான் எழுதிவைத்த கணினி ஸ்கிரிப்ட் தானாக ஓடி, நம்பர்களை ஒவ்வொன்றாக ஏலத் திரையில் ஏற்றும். ஒருநாள் அது பாதியில் சிக்கிக்கொண்டு ஏலமே தாமதமானது. வியாபாரிகள் என்னை வறுத்தெடுத்துவிட்டார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது நிமிடம் தாண்டினால் தானே நின்றுவிட வேண்டும், அதுவரை ஏறியது போதும் என்று கெடு வைத்தேன். ‘இனி ஒரு நிமிசம் பிந்தாதுண்ணே’ என்று மேலாளரிடம் பீற்றிக்கொண்டது வேறு.

அவர் பழைய ஆள். குரங்கணி மலையிலிருந்து காய் ஜீப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று போன் வந்தால் ஏலத்தையே நிறுத்திவைப்பவர்.

‘ஒம் மெசினு போன் எடுக்குமாப்பா?’ என்று மட்டும் கேட்டார். நான் சிரித்தேன். புத்தி அவ்வளவுதான்.

ஐப்பசியில் வரத்து குவிந்தது. குரங்கணி ராசாத்தியக்கா மூன்று மூட்டையோடு கடைசியாக வந்தார். வீட்டுக்காரருக்கு மறுநாள் மதுரையில் ஆபரேசன். அன்றே காய் விற்றாக வேண்டும்.

‘வெரசா பதிஞ்சிரு அப்பு.’

பதிந்தேன். கடைசி நம்பர். பட்டியல் நீளமாகிவிட்டதால் இருபதாம் நிமிடத்தில் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றது. அக்காவின் நம்பர் ஏறவேயில்லை. நானும் கவனிக்கவில்லை.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு நம்பர் வரும்போதும் கையிலிருந்த நம்பர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் முடிந்து எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

‘எங்க காயி எப்ப வரும் அப்பு?’

அப்போதுதான் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டேன். மேலாளர் தெருவரை ஓடிப் பார்த்தார். ஒரு வியாபாரியும் இல்லை. அடுத்த ஏலம் மூன்று நாள் கழித்துத்தான். ஆபரேசன் தள்ளிப்போனது. மனிதர் பிழைத்துக்கொண்டார், சாமி புண்ணியம். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே மாற்றினேன். கெடு தாண்டினால் முதலில் மணியடிக்கும். மேலாளர் பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டு ‘நிறுத்துப்பா’ என்றால்தான் நிற்கும்.

இப்போது அந்த மேலாளர் இல்லை, மணி இல்லை, பெஞ்சும் இல்லை. அவரவர் செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். நானும் வீட்டிலிருந்தபடி, எங்கோ இருக்கும் கம்பெனிக்காக இப்படிப் பல வேலைகளுக்குக் கெடு வைக்கிறேன். இந்தச் சிவப்பு வரியிலும் யாரோ ஒருவருடைய நம்பர் விட்டுப்போயிருக்கும். அவர் எந்த ஊரில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, எனக்குத் தெரியாது.