லே-ஆஃப் நாட்களில் எங்கள் வீடு

எழுபதுகளின் மின்வெட்டு அம்பத்தூரின் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக ஓசையடங்கச் செய்தபோது, என் தந்தையார் ஃபிட்டராகப் பணியாற்றிய தொழிற்சாலையும் ஆட்களுக்கு லே-ஆஃப் கொடுத்தது. மின்சாரம் சீராகும்வரை வேலை கிடையாது. பாதிச் சம்பளம் மட்டும் உண்டு. அந்தப் பாதிதான் எங்கள் குடும்பத்தின் சோறு என்பதை இரண்டாம் வகுப்பு மாணவியாகிய நானும் அறிந்திருந்தேன்.

அதுவும் கைநழுவிவிடக் கூடும் என்ற அச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் தாய்மாமன். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்த அவர், தாம் முன்பு லே-ஆஃபில் ஒரு காசும் பெறாத கதையைச் சொன்னார்.

"ஊட்டாண்ட கொட்டாய்க்கு ஓலை கட்டிகினு இருந்தேன் மச்சான். எவனோ பாத்துட்டுப் போட்டுக் குட்த்துட்டான். சல்லிக் காசு தரல. நீ ஒரு துரும்பக்கூட நவுத்தாத!"

அன்றுமுதல் என் தாயார் தந்தையாரைக் கண்ணாடிப் பாத்திரம்போல் காத்தார். காலையில் ஆலை வாயிலுக்குச் சென்று ஆஜர் கொடுத்துத் திரும்பியதும் அவர் கூடத்தில் அமர்ந்துவிட வேண்டும். கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது. சாய்ந்த வேலியை நிமிர்த்தக் கூடாது. ஏனெனில், அத்தொழிற்சாலையில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம்கீப்பர் எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருந்தார். ஒருநாள் விறகு பிளக்கத் தந்தையார் கோடரியைத் தொட்டபோது நான் அழுதே விட்டேன்.

ஒரு பிற்பகலில் டைம்கீப்பரின் சைக்கிள் எங்கள் வாசலிலேயே நின்றது. அதன் சங்கிலி கழன்றிருந்தது.

"அண்ணாத்தே, இத்தக் கொஞ்சம் மாட்டிக் குடேன்."

தந்தையார் எழுந்தார், என்ன நினைத்தாரோ, மீண்டும் அமர்ந்தார். இது ஒரு சோதனை என்றே எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்ச் சைக்கிளின் முன் நின்றேன்.

"எங்க நைனா எந்த வேலையும் செய்யறதில்ல சார். சும்மாவேதான் குந்திகினு கீறாரு!"

"இன்னா பாப்பா, இவ்ளோ பெருமையா சொல்ற?" என்று அவர் சிரித்தார். தந்தையார் சிரிக்கவில்லை. கதவின் பின்னிருந்து தாயார் மாமனின் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க தம்பி பதிலி ஆளா இருந்திருப்பாரும்மா. நிரந்தர ஆளு வராதப்ப வந்து செய்றவங்களுக்கு இது கெடையாது. ஓலை கட்டுனதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? ரிஜிஸ்டர்ல பேரு இருக்கணும், ஒரு வருசம் வேலை செஞ்சிருக்கணும், தெனம் நேரத்துக்கு கேட்டாண்ட வந்து நிக்கணும். கம்பெனியே வேற வேலை குட்த்தா மாட்டேன்னு சொல்லக் கூடாது. அவ்ளோதான்."

"அப்ப தண்ணி சேந்தலாமா சார்?" என்று நான் கேட்டேன்.

"தாராளமா."

"வெறகு பொளந்தா?"

"எங்க ஊட்டுக்கும் சேத்துப் பொளக்கச் சொல்லு!"

"ஒருநாளு காச்சல்னு படுத்துட்டா?"

"அந்த நாளுக்குக் கெடையாது. கேட்டாண்ட வந்தாதான் காசு."

தந்தையார் சங்கிலியை மாட்டியதோடு நில்லாமல், கேளாமலே பிரேக்கையும் முடுக்கிக் கொடுத்தார். அடுத்த சில நாட்களில் வேலி நிமிர்ந்தது. கூரையின் ஒழுகல் நின்றது. கிணற்று ராட்டினம் கிறீச்சிடாமல் சுழன்றது. பிறகு பழுதென்று சொல்ல வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. மின்சாரமோ சீராகவில்லை. ஆலை வாயிலிலிருந்து திரும்பிய தந்தையார், யாரும் தடுக்காதபோதும், கூடத்தில் பழையபடி அமர்ந்தார். பேச்சும் குறைந்தது.

ஒரு காலை, அவர் ஆஜர் கொடுக்கச் சென்றிருந்த வேளையில், கெட்டியாக இருந்த பின்கதவின் கீலைத் தாயார் குழவிக்கல்லால் ஓங்கி ஓங்கி அடிப்பதைக் கண்டேன். ஏன் என்று கேட்டதற்கு, "போய்ப் படி" என்றார்.

தந்தையார் திரும்பியதும், "இத பாருய்யா, பின்கதவு ஆடுது" என்றார் தாயார், ஒன்றுமறியாதவராக.

தந்தையார் திருப்புளியுடன் கதவருகே அமர்ந்தார். எனக்கோ பொறுக்கவில்லை. அருகே சென்று, "அம்மாதான் ஒடச்சாங்க நைனா" என்று காதில் காட்டிக் கொடுத்தேன்.

"தெரியும். அம்மாவாண்ட சொல்லிடாத" என்றார், வாயில் கடித்திருந்த திருகாணியை எடுக்காமலே.

சற்று நேரத்தில் கீல் சரியாகிவிட்டது. கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தவர், தாயார் இருந்த சமையலறைப் பக்கம் திரும்பி நோக்கினார். பின்பு, நன்றாகப் பொருந்தியிருந்த அத்தனை திருகாணிகளையும் மறுபடி கழற்றி, முன்னைவிட மெதுவாக மாட்டத் தொடங்கினார். இருவருக்கும் என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.