மருமகள் பக்கத்தில் இருக்கும்போது கேட்ட கேள்வி

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்துகொண்டு வந்தவர்கள். நர்ஸ் கையில் அட்டையோடு வந்து, நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"பெரியவரே, சுகர் இருக்கா? ஹார்ட்டு? மூத்திரம் ஃப்ரீயா போவுதா? ஜல்தி சொல்லுங்க, இன்னும் எத்தினி பேர் இருக்காங்க பாருங்க."

பக்கத்தில் என் மருமகள். மகனுக்கு ஓசூரில் வேலை, அதனால் திண்டிவனத்திலிருந்து அவள்தான் துணைக்கு வந்திருந்தாள். எந்த மாமனார் அங்கே வாயைத் திறப்பார்?

"நல்லா போவுது" என்றேன். பொய். இரண்டு வருடமாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது.

மலத்தில் ரத்தம் வந்து நான்கு மாதம். மூலம் என்று களிம்பு கொடுத்தே இழுத்தடித்தார்கள். புற்றுநோயோ என்ற பயத்தில் கொலோனோஸ்கோபிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வந்தேன். குழாய் விடும் முன், குடல் இறுகாமல் தளர்த்தும் ஊசி போட்டார்கள். நல்ல மருந்துதான். டாக்டருக்கு உள்ளே தெளிவாகத் தெரிந்தது. ஒரு பாலிப்பை (குடல் சுவரில் வளரும் சதை) எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஆனால் அந்த மருந்து சிறுநீர்ப்பையையும் தளர்த்தும். புராஸ்டேட் வீக்கம் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி பெருத்து வழியை நெருக்குவது) உள்ளவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். எதற்குக் கேட்கிறோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எழுந்துபோய் காதிலாவது சொல்லியிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸிலேயே அடிவயிறு கல்லானது. திண்டிவனத்தில் இறங்கி நேராக ஆஸ்பத்திரி. மூத்திரம் வெளியேற டியூப் போட்டுப் பையில் விட்டார்கள்.

"மூத்திரப் பிரச்சினை இருக்குன்னு அங்க சொன்னீங்களா?" என்றார் டாக்டர்.

"அங்க எவன் கேட்டான்?" என்று பாய்ந்தேன்.

"கேட்டாங்க மாமா" என்றாள் மருமகள். "பாத்ரூம் போனா அரை மணி நேரம் நிக்கிறீங்க. எனக்குத் தெரியும். உங்கள வெச்சிக்கினு நான் எப்பிடி மாமா சொல்றது?"

"தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்தியா?"

"நீங்க மட்டும் இன்னா பண்ணீங்க?"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல மரியாதைங்க உங்க மரியாதை."

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என்மேல் உண்டு. இருபது பேர் நடுவில் கேட்டவர்கள்மேல் அதைவிட உண்டு. ஒரு திரை கட்ட முடியாதா? இந்த ஊசிக்கு முன், கண் அழுத்த நோய் (க்ளாக்கோமா), இதயப் படபடப்பு, சிறுநீர் அடைப்பு எது இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லுங்கள்.

பாலிப்பில் புற்றுநோய் இல்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

டியூபும் அந்த மூத்திரப் பையும் ஐந்து நாள் என் காலோடு கட்டியிருந்தன. பையைக் காலி செய்யக் குனிந்தால் தலை சுற்றும். மூன்றாம் நாள் மருமகள் என் அறைக்கு வந்தாள். கேட்காமலே பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திறந்து வாளியில் கொட்டினாள்.

"கலர் நல்லா இருக்கு மாமா" என்றாள்.

இதற்கா இரண்டு வருடம் சொல்லாமல் அடக்கிக்கொண்டு கிடந்தேன்?