ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வந்த பெயர்கள்

1. சவர்க்காரம்

சிவபாலன் அண்ணை எங்கள் நாற்றுப்பண்ணைக்கு இரண்டு மரப்பெட்டிகளோடும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியோடும் வந்து நின்றது ஒரு ஒக்டோபர் காலையில். மரப்பெட்டிகளுக்குள் பூச்செடிகள். ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அந்தச் செடிகளின் லேபல்கள், கழுவித் துடைத்து அழகாக அடுக்கியபடி. செடி ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கிலிருந்து மலைப்பக்கம் போகும் ரயில் பாதையோரம் இருந்தது எங்கள் பண்ணை. நான் ஓய்வுபெறும்வரை அங்கேதான் வேலை. அல்ப்ஸ் மலைச் செடிகள் வளர்த்து விற்பதுதான் தொழில், அதிலும் முக்கியம் அவுரிக்கெல் என்ற மலைப் பிரிமுலா. தடித்த இலை, சித்திரையில் பூ, கணக்கில்லாத ரகங்கள். பல ரகங்களுக்கு இலைமேல் வெள்ளையாகத் திருநீறு பூசின மாதிரி ஒரு படலம் இருக்கும். ஜேர்மன்காரர் தங்கள் மொழியில் அதை மாவு என்பார்கள், நாங்களும் தமிழில் 'மா' என்றே சொல்வோம். வெயிலிலிருந்து இலையைக் காப்பது அதுதான். விரல் பட்டால் போய்விடும், மழை பட்டாலும் போய்விடும். போன இலையில் திரும்ப வராது.

அண்ணை கொண்டுவந்த செடிகளின் இலைகள் பச்சைப் பசேலென்று மினுங்கின.

"அண்ணை, இதுகளுக்கு என்ன செய்தனீங்கள்?"

"கழுவினனான் தங்கச்சி. ஒரே வெள்ளையாப் பிடிச்சுக் கிடந்தது. கருவேப்பிலைக்கு அப்பிடி வந்தா அவ சவர்க்காரத் தண்ணி போட்டு ஒவ்வொரு இலையாத் துடைக்கிறவ. அதுமாதிரித்தான் செய்தன்."

இங்கே நம்மவர் வீடுகளில் யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கும். குளிர்காலத்தில் அதில் வெள்ளைப்பூச்சி பிடித்தால் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவோம். ஆகவே அண்ணையை மட்டும் திட்டி என்ன பயன்? இருந்தாலும் மனதுக்குள் திட்டினேன்.

"லேபலை ஏன் கழட்டினனீங்கள்?"

"அதுகளிலயும் பாசி. கழுவிப்போட்டு வைப்பம் எண்டு எடுத்தன். பிறகு பாத்தா எது எதின்ர எண்டு தெரியேல்ல. தங்கச்சி, அவ வாற கிழமை வாறா. அதுக்குள்ள நீங்கள்தான் சரிப்படுத்தித் தரவேணும்."

அவ என்றால் அவருடைய மனைவி ரஞ்சினி அக்கா. எங்கள் வாடிக்கையாளர்களில் செடியைத் தெரிந்தவர் என்று எங்கள் முதலாளியம்மா வாய்விட்டுச் சொன்ன ஓரிருவரில் ஒருவர். வடக்குப் பார்த்த பல்கனியில் மழைபடாமல் இந்தச் செடிகளை வருடக்கணக்காக வளர்த்தவர். அந்த நேரம் இடுப்பு மூட்டு மாற்றும் ஒப்பரேஷன் முடிந்து ரேஹா என்ற மறுவாழ்வு மருத்துவமனையில் நடை பழகிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தன் செடிகளைப் பார்க்கவில்லை. வீடு திரும்பும் அன்று அவர் முதலில் போய் நிற்கப்போவது பல்கனியில்தான் என்று அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2. நடுக்குருத்து

முதலாளியம்மாவை எல்லோரும் மைஸ்டரின் என்றே கூப்பிடுவோம். தோட்டக்கலையில் மைஸ்டர் பட்டம் எடுத்தவர். பெட்டிகளைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். "ஜெயா, உள்ளே கொண்டுவா" என்றார்.

மேசையில் செடிகளைப் பரப்பினோம். ஒக்டோபரில் பூ இல்லை, இலையை மட்டும் வைத்துத்தான் பெயர் பிடிக்க வேண்டும். மலையில் தானாக வளரும் காட்டு இனங்கள் சுலபம். மினிமாவுக்கு நகமளவு இலை, நுனியில் மட்டும் பல் இருக்கும். ஹிர்சூட்டாவின் இலையில் பசைமயிர், தொட்டால் விரலில் ஒட்டும். மார்கினாட்டாவுக்கு ஓரம் முழுக்க அரிவாள் பல். மற்றதெல்லாம் கலப்பு ரகங்கள். அவற்றைப் பிரிக்க மாதான் பெரிய அடையாளம், அதைத்தான் அண்ணை துடைத்து எறிந்திருந்தார்.

ஆனால் அண்ணையின் தடித்த விரல் நடுக்குருத்துக்குள் போகவில்லை. சுருண்டிருந்த குருத்தை ஈர்க்குச்சியால் மெதுவாக விலக்கிப் பார்த்தால் உள்ளே மா அப்படியே இருந்தது. எதில் கனமாக, எதில் மெலிதாக, எதில் ஓரத்தில் மட்டும் என்று பார்த்துப் பார்த்து லேபல்களைக் குத்திக்கொண்டு வந்தோம். பின்னேரம் ஆவதற்குள் இரண்டு சட்டிகள் மட்டும் மிஞ்சின.

இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்று. மிஞ்சிய லேபல்களும் இரண்டு. ஒன்றில் நாங்கள் விற்ற ஊதாப்பூ ரகத்தின் பெயர். மற்றதில் தமிழில், பென்சிலால் 'என்ர' என்று மட்டும் எழுதியிருந்தது.

மைஸ்டரின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார்.

"என்னுடையது என்று எழுதியிருக்கிறா" என்றேன்.

அது எது என்று எங்கள் இருவருக்கும் உடனே விளங்கிவிட்டது. அந்த ஊதாப்பூச் செடியின் விதையைப் போட்டு, மூன்று வருடம் காத்திருந்து, ரஞ்சினி அக்கா எடுத்த சொந்த ரகம். பழுத்த மாம்பழ மஞ்சளில், ஓரம் காப்பிக்கொட்டைக் கபில நிறமாகப் பூக்கும். உலகத்தில் அது அந்த ஒரு சட்டியில்தான் இருந்தது. அதன் பக்கக்கன்று ஒன்றை அக்கா ரேஹாவிலிருந்து வந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தார், மைஸ்டரினும் ஆவலோடு காத்திருந்தார். விதை போட்டால் தாய் மாதிரியே வராது, பக்கக்கன்று மட்டும்தான் அதே செடி. அதனால்தான் எங்கள் தொழிலில் தப்பான லேபல் பெரிய பாவம். கன்றோடு சேர்ந்து அந்தத் தப்பும் வீடு வீடாகப் போய்விடும்.

"இந்த இரண்டுக்கும் பூக்கும்வரை பெயர் இல்லை" என்று சொல்லிவிட்டு மைஸ்டரின் எழுந்து போய்விட்டார்.

அண்ணையின் முகம் விழுந்துபோனது. "லேபல் இல்லாத சட்டியாக் கண்டா அவ உடனே பிடிச்சிடுவா தங்கச்சி. நடக்கவே ஏலாம வாற மனுசி. வந்த அண்டைக்கே அவவை அழவைக்கவோ? சும்மா குத்திவிடுங்கோ."

"நான் குத்தமாட்டன் அண்ணை. வேணுமெண்டா நீங்கள் குத்துங்கோ."

கடுமையாகத்தான் சொன்னேன். அவர் இரண்டு லேபல்களையும் கையில் எடுத்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை போல, ஒவ்வொரு சட்டியில் ஒவ்வொன்றைக் குத்திக்கொண்டு போனார்.

3. பல்கனி

அக்கா வந்த பிறகு பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பல்கனியில் கதிரை போட்டு, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தார். அண்ணை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஜெயா, உம்மட கை பட்டிருக்குப் போல" என்றார் அக்கா மெதுவாக. "நல்லாத்தான் அடுக்கித் தந்திருக்கிறீர். இந்த ரெண்டும்தான் மாறிக் கிடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எதை வச்சக்கா சொல்லுறீங்கள்?"

"உமக்கு உம்மட பிள்ளையளை எதை வச்சுத் தெரியும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஈர்க்குச்சியோடு அவ்வளவு நேரம் கண் பூக்கப் பார்த்தவள் நான். தினமும் காலையில் பார்க்கிறவருக்கு அடையாளம் தேவையில்லை போலும். பூக்கட்டும் பார்ப்போம் என்று மனதில் நினைத்துக்கொண்டு, அவர் சொன்னபடி லேபல்களை மாற்றக் கை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடும். இந்த ரெண்டும் இவர் வச்சது, குத்தின விதத்திலயே தெரியுது. அப்பிடியே இருக்கட்டும்."

"அக்கா, தப்பான லேபல்..."

"தெரியும். பூக்கும்வரைக்கும் இந்த ரெண்டிலயிருந்தும் ஒரு பக்கக்கண்டும் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். உங்கட மைஸ்டரினுக்கும் அடுத்த வருசம்தான் எண்டு சொல்லும்." குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் வந்த அண்டைக்கு மனுசன்ர கையைப் பாத்தன். விரலெல்லாம் சவர்க்காரம் ஊறி வெடிச்சுக் கிடக்குது. ஒரு இடம் விடாமக் கழுவியிருக்கு, நான் பிடிச்சு நடக்கிற சுவரைக்கூட. அதுக்குப் பிறகு லேபல் மாறிக் கிடக்கெண்டு சொல்ல எனக்கு வாய் வருமோ?"

நான் நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். அண்ணை தேத்தண்ணியோடு வந்து, "என்ன, செடியெல்லாம் எப்பிடி?" என்று கேட்டார்.

"நான் விட்டிட்டுப் போனமாதிரியே கிடக்கு" என்றார் அக்கா.

4. சித்திரை

அடுத்த சித்திரையில் ஒரு விடியற்காலை அண்ணையின் போன். குரலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, பூத்திட்டுது! மாறிப் பூத்திருக்கு. 'என்ர' எண்டு நான் குத்தினதில ஊதா, மற்றதில மஞ்சள். அவ இன்னும் எழும்பேல்ல. நான் சத்தம் போடாம லேபலை மாத்திக் குத்திப்போட்டன். அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன் அண்ணை."

மத்தியானம் அக்காவின் போன் வந்தது. "ஜெயா, லேபல் ரெண்டும் தங்கட இடத்துக்கு வந்திட்டுது. இனி உங்கட மைஸ்டரினுக்குக் கண்டு குடுக்கலாம்."

பூ முடிந்ததும் எங்கள் பண்ணையில் கன்று மாற்றிக்கொள்ளும் நாள் ஒன்று வைப்போம். அக்கா ஊன்றுகோல் இல்லாமல் வந்தார். மைஸ்டரின் கன்றை இரண்டு கையாலும் வாங்கி, 'என்ர' என்ற பெயரைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லேபலைப் பென்சிலால் எழுதுங்கள், மை வெயிலுக்கு நிற்காது. மா உள்ள இலையைத் தொடாதீர்கள். அடையாளம் போய்விட்டால் நடுக்குருத்தைப் பாருங்கள். பூக்குமுன் பெயர் வைக்காதீர்கள், வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அந்தச் சட்டியிலிருந்து கன்று கொடுக்காதீர்கள். தப்பு நம் பல்கனியைத் தாண்டாதவரை அதை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று யோசிக்க நேரம் இருக்கிறது.

அன்று மைஸ்டரின் அக்காவிடம், "நீங்கள் ரேஹாவில் இருந்தபோது இவற்றை யார் பார்த்தது?" என்று கேட்டார், ஒன்றும் தெரியாதவர் போல.

"இவர்தான் பாத்தவர்" என்றார் அக்கா. அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சவர்க்காரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.