பொட்டு வைத்த தோட்டா

அந்தத் தோட்டாவின் பித்தளை அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தது நான்தான். ராஜபாளையம் திருவிழாக் கடையில் வாங்கிய பூச்சு அது. வனக்காப்பாளர் சீருடைக்கு நகப்பூச்சு ஆகாது என்று பைக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் ஒரு தோட்டாவுக்குத்தான் வாய்த்தது. பக்கத்தில் குந்தியிருந்த வாட்சர் அண்ணன், “என்ன தாயி, சீக்காளிப் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மலையடிவாரத்து முகாம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. யாரையும் சுடுவதற்கில்லை, யானை தோப்புக்குள் இறங்கினால் வானத்தைப் பார்த்துச் சுட்டுச் சத்தம் கொடுப்பதற்கு. முன்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். வாட்சர் அண்ணன் சோழபுரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் வேலைக் கணக்கில் எனக்குக் கீழே. அதை நான்தான் நினைத்துக் கூசுவேன், அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. யானை விரட்டக் கிளம்பும்போதெல்லாம், “நீங்க சத்தம் குடுங்க, நான் வழி குடுக்கேன்” என்பார். ஆட்களை அப்புறப்படுத்தி யானை திரும்பிப் போக வழி விட வேண்டியது அவர் வேலை. அதற்கு அவர் எனக்கு முன்னால் நடக்க வேண்டும்.

அந்த ஐப்பசியில் ஓடையைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தேன். பையிலிருந்த ஐந்து தோட்டாக்களும் நனைந்துவிட்டன. முகாம் மாடியில் வடகம் காயப்போடுவதுபோல வெயிலில் காயவைத்தேன். நான்கு தேறின. ஒன்றின் அட்டைக்கூடு மட்டும் ஊதிப்போய், பித்தளை விளிம்பில் பச்சை பூத்துவிட்டது. குழலுக்குள் போனால் வெளியே வர அடம்பிடிக்கும். மாற்றுத் தோட்டா கேட்டு எழுதினால் எப்படி நனைந்தது, ஏன் நனைந்தது என்று விளக்கம் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, எனக்குப் பயம். சரியாகச் சொன்னால், பயத்தைவிடச் சோம்பல்தான் அதிகம். ஐந்து தோட்டாவும் சுட வேண்டிய நிலை எங்களுக்கு வந்ததே இல்லை, இரண்டாவது வெடிக்கே யானை திரும்பிவிடும். கெட்டது கடைசியில் வரும்படி வைத்துக்கொண்டால் போயிற்று என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு ஒரு முறையும் கண்டுபிடித்தேன். குழலுக்கு அடியிலிருக்கும் தோட்டாக் குழாயில் முதலில் போட்ட தோட்டா கடைசியில்தான் வெளியே வரும். சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. பிடியை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாக வந்து விழும். வந்த வரிசையிலேயே ஒரு துண்டின்மேல் இடமிருந்து வலமாக அடுக்குவேன். பொட்டு வைத்தது தினமும் கடைசியாக வரும். அதுவும் சும்மா வராது, துப்பாக்கிக் கட்டையைச் சிமெண்டுப் படியில் ஓங்கித் தட்டிப் பிடியை இழுத்தால்தான் வரும். அதை வலது ஓரத்தில் வைப்பேன். காலையில் வலது பக்கத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். அப்போதுதான் பொட்டு வைத்தது முதலில் உள்ளே போய் அடியில் கிடக்கும். இடது பக்கத்திலிருந்து தொடங்கினால் எல்லாம் தலைகீழ், முதல் வெடியே அதுதான். ஐந்து மாதம் ஒருநாள்கூட மாறவில்லை.

மாங்காய் முற்றும் பருவத்தில் ஒரு காலை, விடிந்தும் விடியாமலும் போன் வந்தது. ஒற்றைக் கொம்பன் ஒரு தோப்புக்குள் நிற்கிறது, பம்ப்செட் அறைக்குள் தோட்டக்காரரும் அவர் மனைவியும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். அண்ணன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “வாங்க தாயி, சுருக்கா வாங்க” என்று குரல் கொடுத்தார். ஒரு கையால் ஷூ கயிற்றை இழுத்துக்கொண்டு மறு கையால் தோட்டாக்களை எடுத்துத் தள்ளினேன். எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறேன் என்று பார்க்கவில்லை.

தோப்பில் முதல் நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அண்ணன் பம்ப்செட் கதவைத் திறந்து அந்த இருவரையும் வரப்புப் பக்கமாக ஓடவிட்டார். யானை அவரைப் பார்த்துத் திரும்பியது. நான் வானத்தைப் பார்த்துச் சுட்டேன். அது ஓடவில்லை, காதை விரித்து இரண்டடி முன்னால் வந்தது. அடுத்த வெடிக்காகப் பிடியை இழுத்தேன். அசையவில்லை. கட்டையைத் தரையில் தட்டினேன். சேற்று மண், வெண்ணெயில் குத்தியதுபோல உள்ளே இறங்கியது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும். அண்ணன் ஓடாமல் நின்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தம் வரும் என்று நம்பித்தான் நின்றார். அந்த முகத்தில் பயம் இருந்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். என்ன தாமதம் என்று கேட்கிற முகம்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து, அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஜீப்புக்கு ஓடிய பிறகு, பம்ப்செட் படியில் கட்டையைத் தட்டினேன். ஒரே தட்டு, கூடு வந்து என் காலடியில் விழுந்தது. அதன் அடியில் சிவப்புப் பொட்டு இருந்தது. யாரும் பார்க்கவில்லை. விசாரணைக்கு அதிகாரிகள் வருவதற்குள் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். பழைய தோட்டா, மழைக்கால ஈரம் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. ‘அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் துப்பாக்கியோட மல்லுக்கட்டுச்சு’ என்று ஊரே சொன்னது. இன்றைக்கும் எங்காவது கதவுத் தாழ்ப்பாள் இறுகி நின்றால், யாரோ எனக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கிறது.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோப்பு பார்க்கிற வேலைதான். அண்ணன் இறந்தபின் அவர் மனைவிக்கு எங்கள் துறையின் நாற்றங்காலில் தினக்கூலி வேலை கிடைத்திருக்கிறது. நான் அவரை அக்கா என்பேன். வெள்ளிக்கிழமைதோறும் எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அந்தப் பழங்களை நான் தின்றதில்லை, தெருவில் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

போன மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளுக்கு வனக்காப்பாளர் வேலை கிடைத்துவிட்டது. நான் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே அக்கா சொன்னார்: “மேடம், ஒண்ணே ஒண்ணு. அன்னைக்குத் துப்பாக்கி எப்பிடிச் சிக்குச்சுன்னு இவளுக்குச் சொல்லிக் குடுங்க. இவ கையில சிக்கிறக் கூடாது.”

அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். அழுக்கு, துரு, நனைந்த அட்டைக்கூடு, தேய்ந்த விளிம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை, கெட்ட தோட்டாவைக் கூடவே வைத்திருந்ததை, துண்டில் அடுக்குவதை, எந்தப் பக்கம் தொடங்கினால் எது முதலில் வரும் என்பதை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து, “அதெப்படி மேடம், தெரிஞ்சும் யாராச்சும் மாத்திப் போடுவாங்களா?” என்று கேட்டாள்.

“போடுவாங்க” என்றேன்.

கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அன்னைக்கு அவியதான் அவசரப்படுத்துனாகளோ?” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “நான் பாத்து எடுக்கல அக்கா” என்பதுதான் வந்தது.

அக்கா கத்தியைத் தட்டில் வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. நான் எதற்கும் தயாராக இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, வெற்றாக இருந்த வரியில் விரல் வைத்துக் காட்டினார்.

“எழுதிக்கோட்டி. வலது பக்கத்துல இருந்து எடுக்கணும்.”