சிவப்பு டேப் ஒட்டிய கேரபைனர்

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. காலை எட்டே முக்கால் மணி இருக்கும். பத்துமலையின் பின்பக்கத்தில் பாறை ஏறுபவர்கள் கூடும் சுண்ணாம்புச் சுவரின் அடியில் நானும் என் மகளும் நின்றிருந்தோம். நேரத்தை இப்படிக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், எனக்கு எதிலும் தேதி எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. கிள்ளானில் எங்கள் வீட்டு அரிசி டின்னில்கூட அது திறந்த நாள் எழுதியிருக்கும்.

நாற்பத்தேழு வயதில், உடம்பைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பாறை ஏறத் தொடங்கினேன். மகளும் கூட வந்தாள். ஒரே வருடத்தில் அவள் ஏறுபவளாகவும், நான் கீழே நின்று கயிறு பிடிப்பவனாகவும் ஆனோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஏறும் வழியில் ஆறேழு அடிக்கு ஒன்றாகப் பாறையில் போல்ட் அடித்திருப்பார்கள். ஏறுகிறவர் தன் இடுப்பில் தொங்கும் 'டிரா'வை ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டிக்கொண்டே போவார். டிரா என்பது ஒரு சாண் நீளத் துணிப்பட்டை. அதன் இரண்டு முனைகளிலும் கண் போலத் தைத்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கேரபைனர், அதாவது திறந்து மூடும் உலோகக் கொக்கி. மேல் கொக்கி போல்ட்டில் மாட்டும். கீழ்க் கொக்கியில் கயிறு ஓடும். கீழ்க் கொக்கி சுற்றிக்கொள்ளாமல் இருக்க அந்த முனையில் ஒரு ரப்பர் பிடி போடுவார்கள்.

எங்கள் டிராக்களின் கீழ்க் கொக்கிகள் கயிறு ஓடி ஓடித் தேய்ந்துவிட்டன. புதியது வாங்க சுபாங் ஜெயாவில் ஒரு கடைக்கு மூன்று சனிக்கிழமை அலைந்தேன். திறந்து மூடும் கேட் கம்பியா, கட்டியா? எது எடை குறைவு? கயிறு படும் வளைவு அகலமா? கொக்கியின் மூக்கில் கயிறு சிக்குமா? நோட்டில் கட்டம் போட்டு எழுதி ஒப்பிட்டேன். கடை வாசலில் காத்திருந்த மகள், "எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்பகூட இவ்வளவு பாக்க மாட்டீங்க லா" என்றாள்.

கடைசியில் கம்பி கேட் வைத்த பன்னிரண்டு கேரபைனர் வாங்கினேன். மேல் கொக்கிகளை மாற்றவில்லை. அவற்றின் உட்புறத்தில் போல்ட்டின் விளிம்பு கீறிக் கீறி முள் முள்ளாக இருக்கும். அதில் கயிறு ஓடினால் கயிற்றின் மேலுறை கிழியும். ஆகவே மேல் கொக்கி எல்லாவற்றிலும் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்புல கயிறு படவே கூடாது" என்று மகளுக்குப் பாடமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

பத்துமலைக்குப் போவதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பூட்டினேன். ஒவ்வொன்றாக அல்ல, வரிசையாக. முதலில் பன்னிரண்டு கொக்கியிலும் ரப்பர். பிறகு பன்னிரண்டு ரப்பரிலும் பட்டை. பிறகு பன்னிரண்டிலும் தேதி. நோட்டில் 'ரப்பர் இறுக்கம் சரி' என்று பன்னிரண்டு டிக்.

மறுநாள் மகள் ஏறிக்கொண்டிருந்தாள். நான்காவது போல்ட்டில் டிராவை மாட்டிக் கயிற்றையும் போட்டுவிட்டாள். இரண்டு மாடி உயரம். அப்போது பக்கத்து வழியில் ஏறத் துணையோடு வந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். செராசில் இருந்து வந்ததாகச் சற்று முன் பேச்சில் சொல்லியிருந்தார்.

"அண்ணே, எங்களுக்கு ஒரு டிரா குறையுது. ஒண்ணு கடனா கிடைக்குமா?"

மகள் கொண்டு ஏறியது எட்டு, பையில் நான்கு. பையை நோக்கித் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் ஒரு பெருமை. புதுக் கேரபைனர், தேதி ஒட்டியது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தார். ஐந்தாறு அடி போனதும் நின்றார். பழக்கம்போல இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, மெதுவான குரலில் பேசினார்.

"அண்ணே, மேல பாத்துக்கிட்டே கேளுங்க. கயிற டைட் பண்ணிடாதீங்க."

டிராவை என் கண் மட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். கீழ்க் கொக்கி பட்டையின் கண்ணுக்குள் போகவே இல்லை. பக்கத்தில் ஒட்டி நின்றது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்தச் சுண்டு விரல் தடிமன் ரப்பர் மட்டுமே. ஒரு விரலால் இழுத்ததும் அது நீண்டது.

"எல்லாம் நீங்களே போட்டதா?"

"ஆமா. நேத்து. எல்லாம் ஒரே மாதிரி."

அந்த நொடியில் மேலிருந்து மகளின் குரல். "அப்பா, டேக்."

கயிற்றை இறுக்குங்கள், தொங்கி ஓய்வெடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். என் கை தானாகக் கயிற்றை இழுக்கப் போனது. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தார். மகளின் எடை விழுந்தால் நான்காவது ரப்பர் அறுந்திருக்கும், பிறகு மூன்றாவது, இரண்டாவது, ஒன்றாவது.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கை வலிக்குதுப்பா."

"கால் எப்படி நிக்குது, தங்கச்சி?" என்று அந்தப் பெண் கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போல.

"கால் ஓகே, அக்கா."

"அப்போ பெலான் பெலான், மெதுவாவே. அவசரம் இல்ல. இருக்கிறத எதுவும் கழட்டாத. கயிற கொஞ்சம் தூக்கி மேல் கேரபைனர்லயும் மாட்டிடு."

நான் கழற்றாத மேல் கொக்கி பட்டையில் சரியாகக் கோத்திருந்தது. போல்ட்டிலும் சரியாக மாட்டியிருந்தது. அந்தச் சுவரில் அவளுக்கென்று இருந்த உறுதியான பிடிப்பு அதுதான். மகள் அதைப் பார்த்தாள். கை நீளவில்லை.

"இது சிவப்பு. கயிறு படக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "உண்மைய சொல்லிடுங்க, அண்ணே. தங்கச்சி தாங்கிக்கும்."

"அப்பா தப்பா பூட்டிட்டேன்மா. கீழ் கேரபைனர் வெறும் ரப்பர்ல நிக்குது. எல்லாத்துலயும். சிவப்புல மாட்டு."

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கயிற்றைத் தூக்கினாள். முதல் முறை நழுவியது. இரண்டாம் முறை கேட் மூடிய சத்தம் கீழே எனக்குக் கேட்டது.

"இப்ப டேக்."

இறுக்கினேன். இறக்கினேன். முள் முள்ளான அந்தக் கொக்கியில் கயிறு உரசி இறங்கிய ஒவ்வொரு அடியும் என் உள்ளங்கையில் தெரிந்தது. அவள் கால் தரையில் பட்டதும் நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் தன் டிராக்களோடு ஏறிப்போய் என் நான்கையும் கழற்றி வந்தார். ஃபிளாஸ்க்கில் இருந்து மைலோ ஊற்றிக் கொடுத்தார். எப்படி இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரப்பர் போட்டா கண்ணு மறைஞ்சிடும், அண்ணே. யாருக்கும் தெரியாது" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நானும் மகளும் பன்னிரண்டையும் பிரித்து, இந்த முறை ஒவ்வொன்றாகப் பூட்டினோம். நான் கோத்தேன், அவள் இழுத்தாள். கயிற்றின் மேலுறையில் பல இடங்களில் பஞ்சு கிளம்பியிருந்தது. அதைச் சுருட்டிப் பையில் போட்டேன். அன்றைக்கு இனி ஏறுவதாக இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் மறுபடியும் வந்தார்.

"அண்ணே, அந்தக் கடன் டிரா இன்னும் பாக்கி இருக்கு."

கைக்கு வந்த ஒன்றை நீட்டினேன். வாங்கி, ஒரு இழு இழுத்துப் பார்த்து, இடுப்பில் மாட்டிக்கொண்டு போனார். கடைசி போல்ட்டில் அதைத்தான் மாட்டினார். பிறகு "டேக்" என்று சொல்லிவிட்டு, தன் முழு எடையையும் அதில் போட்டுக் கால்களை ஆட்டியபடி கீழே எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. தேதி தெரிந்த எனக்கு அது தெரியாமல் போனது. இப்போதெல்லாம் பாறையடியில் பையைத் திறந்ததும் பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரு டிராவை நீட்டி, "கொஞ்சம் இழுத்துப் பாருங்க, பாஸ்" என்கிறேன். என் தவறுகளைச் சொல்லிக்காட்டியவர்கள் என் வாழ்க்கையில் நிறையப் பேர் உண்டு. ஆனால் சொல்லிக்காட்டிய பிறகும் என் கைவேலையை நம்பித் தொங்கியவர் அவர் ஒருவர்தான்.