அறுநூற்றுப் பத்தாவது வரி

டோரீன் கிவேலாவுக்கு எழுபத்து நான்கு வயது. எங்கள் ஊரில் அவளுக்குத் தெரியாத குடும்பச் சண்டை கிடையாது. தெரிந்ததை யாரிடமும் சொன்னதும் கிடையாது. இந்த இரண்டாவது குணம் என்னிடம் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெவ். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். டோரீனின் கர்லிங் அணியில் முதல் இரண்டு கல் என்னுடையது, பாராட்டு முழுக்க அவளுடையது. காகித ஆலை மூடிய பிறகும் கனடாவின் இந்த ஒன்டாரியோ மூலையை விட்டுப் போக மனமில்லாதவர்கள் நாங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை எங்களுக்குக் கர்லிங்கை விட்டால் வேறு வேலை கிடையாது. பனித்தரையில் ஒரு கனத்த கருங்கல்லைச் சறுக்கி விடுவோம். அது போகிற வழியை இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். கடைசியில் கல் போய் நின்ற இடத்தைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடுவோம். இளக்காரமாக நினைக்காதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

உண்மையில் ஆட்டத்தைவிட ஆட்டத்துக்குப் பிறகு நடப்பதுதான் பெரிது. ஆடிய இரண்டு அணியும் மாடிக் கூடத்தில் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஜெயித்தவர்கள் முதல் சுற்று பியர் வாங்கித் தர வேண்டும். தலைவலி, அவசர வேலை என்று நழுவினால் பத்து வருடத்துக்கு ஊர் வாயில் விழுந்து கிடக்க வேண்டியதுதான். ஆகவே யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை இங்கே சாதாரணக் காகிதம் அல்ல. யார் யார் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. முப்பத்தாறு வருடமாக அந்த அட்டவணையைப் போட்டவள் டோரீன்.

அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு கமடோர் 64. 1984இல் அவள் கணவன் ரே தனக்காக வாங்கியது. அதில் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் ஆல்பர்ட்டாவுக்கு ஓடிப்போனபோது டிவியைத் தூக்கிக்கொண்டு போனான், கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். டோரீன் பழைய டிவி ஒன்றை வாங்கி அதற்குத் திரையாக மாட்டினாள். அப்போது அவள் ஆலையில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்தாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் என்னைக் கூப்பிடுவாள். கம்ப்யூட்டர் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வரும் ப்ரோக்ராம் எண்களை நான் வாசிப்பேன், அவள் தட்டுவாள். மூன்று மணி நேரம் கழித்துத் திரையில் ஒரு பலூன் இடமிருந்து வலமாக நகரும். அவ்வளவுதான். அதற்கே நாங்கள் குதித்திருக்கிறோம்.

சுவிட்சைப் போட்டால் இரண்டு நொடியில் நீலத் திரை. "தயார்" என்று ஒரே ஒரு சொல், அதன் கீழே சிமிட்டும் ஒரு கட்டம். என்ன குளறுபடி செய்தாலும் அணைத்துப் போட்டால் மறுபடியும் தயார். அந்த வயதில் அதுமாதிரி எங்களை மன்னித்தது வேறு எதுவும் இல்லை.

1986இல் அட்டவணை போட அவளே ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண். இரண்டு எண்களைச் சீட்டு எடுப்பது போல அது எடுக்கும். எடுத்ததும் வரிசையாகச் சில வரிகளைப் படித்துப் பார்க்கும். இரவு ஷிப்ட்காரர்கள் காலையில் வந்துவிட்டால், திரும்பிப் போய் வேறு சீட்டு எடு. விவாகரத்தான பல் டாக்டரும் மனைவியும் எதிரெதிரே வந்தால், வேறு சீட்டு எடு. அண்ணன் தம்பி நிலத் தகராறு, வேறு சீட்டு எடு. எந்த வரியிலும் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஊரே, "எப்படியோ நம்ம அட்டவணை ஒருநாளும் சங்கடமா அமையறதில்ல" என்று சொல்லிக்கொண்டது. அமைத்தவள் வாயைத் திறக்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2022இல் கெல்சி வந்தாள். கிளப்பின் புதிய தலைவி. டொரொன்டோ பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவள். நல்ல பெண், அதுதான் தொந்தரவே. கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"டோரீன், நீங்க இத்தனை வருஷம் பண்ணதுக்கு நாங்க கும்பிடணும். ஆனா இப்ப எல்லாரும் போன்லயே பாக்கணும், போன்லயே தேதி மாத்திக்கணும்னு கேக்கறாங்க" என்று சொல்லி, புத்தம் புது லேப்டாப்பை அவள் கையில் கொடுத்தாள்.

அந்த அக்டோபர் முழுக்க நான் அனுபவித்தது எனக்குத்தான் தெரியும். தினமும் காலையில் போன்.

"முகத்தைக் காட்டுன்னு கேக்குதுடி. காலைல ஏழு மணிக்கு என் மூஞ்சியை நானே பாக்கறதில்ல, இதுக்கு எதுக்கு?"

"காட்டித் தொலையேன்."

"காட்டினேன். சரியாத் தெரியல, மறுபடி முயற்சி செய்யுங்கங்குது."

நேற்று இருந்த பொத்தான் இன்று வேறு மூலையில் இருந்தது. அவள் சேமித்த பட்டியலை அது எங்கே வைத்தது என்று தேடவே ஒரு காலைப் பொழுது போனது. கேட்காததையெல்லாம் நடுவில் வந்து கேட்டது. ஒருநாள் தானாக எதையோ புதுப்பிக்க ஆரம்பித்து, அணைக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டிவிட்டு ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் பார்த்தாள். பிறகு முப்பத்தெட்டு வருடப் பழக்கம் சொன்னபடி பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். இது திரும்பி வரவில்லை. கெல்சியின் கணவன் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தான்.

"அணைச்சுப் போட்டா சரியாப் போகாத மெஷினை எவன்டி கண்டுபிடிச்சான்?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "அது நான் சொன்னதைக் கேட்டுச்சு, பெவ். இது என்னையே கேள்வி கேக்குது."

அவள் சொன்ன கேள்வி எது என்று நவம்பரில்தான் தெரிந்தது. புதிய அட்டவணை ப்ரோக்ராமில், இன்ன இரண்டு அணிகள் மோதக்கூடாது என்று குறிக்க ஒரு இடம் இருந்தது. பக்கத்திலேயே காரணம் எழுத ஒரு கட்டம். அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. நிரப்பினால், கெல்சி பார்த்த பிறகு அட்டவணையோடு எல்லா அணித் தலைவர்களின் போனுக்கும் அது போய்விடும். ஒளிவுமறைவு கூடாது என்று கமிட்டி விரும்பியதாம். ஷிப்ட், முழங்கால், பிள்ளைகளின் ஹாக்கி என்று டோரீன் மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ எழுதி ஒப்பேற்றினாள். பல் டாக்டர் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார். ஒன்றே ஒன்று மிச்சம். பழைய ப்ரோக்ராமில் அறுநூற்றுப் பத்தாவது வரி: ஏழும் பதினைந்தும் சேர்ந்து வந்தால், வேறு சீட்டு எடு.

ஏழு, அர்மான் பெலான்ஜேயின் அணி. பதினைந்து, வேய்ன் சட்டரின் அணி. அன்றைக்குத்தான் இந்த வரியை அவள் எனக்கே சொன்னாள்.

1989 செப்டம்பர். அர்மானின் ஒரே மகன் லுக்குக்குப் பத்தொன்பது வயது. விடிகாலையில் மரம் வெட்டும் முகாமுக்குப் போகும்போது வண்டியின் குறுக்கே குதிரையைவிடப் பெரிய மூஸ் மான் ஒன்று பாய்ந்தது. வண்டியை ஓட்டியவன் வேய்ன், அவனுக்கு இருபத்து நான்கு. வேய்ன் பிழைத்தான், லுக் பிழைக்கவில்லை. யார் மீதும் தவறில்லை என்று போலீஸ் எழுதியது. அர்மான் இரவு ஷிப்ட் முடியப் போகும் நேரத்தில் ஆலையில் இருந்தார். போலீஸிலிருந்து வந்த அழைப்பை அவருக்கு இணைத்துக் கொடுத்தவள் டோரீன். இணைத்ததும் பலகையிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்துவிட்டாள். அவர் குரலைக் கேட்டுவிட்டாள். அந்த வாரமே வரியை எழுதிவிட்டாள்.

"அந்த மனுஷன் அவனுக்கு எதிர்ல உக்காந்து பியர் குடிக்கணுமா? என்னால முடிஞ்சது அது ஒண்ணுதான்டி."

அது வேலை செய்தது. இருபத்து நான்கு அணிகளில் இரண்டு மட்டும் சந்திக்காமல் போவது கண்ணை உறுத்தாது. கடைசிச் சுற்றுக்கு வரும் அளவுக்கு அவர்கள் இருவருமே ஆடியதும் இல்லை. தபால் அலுவலகத்தில், பெட்ரோல் பங்கில் பார்த்தால் தலையை அசைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

"கெல்சிகிட்ட தனியாச் சொல்லிடேன்" என்றேன்.

"சொன்னா கமிட்டிக்குப் போகும். கமிட்டிக்குப் போனா ஊருக்குப் போகும். அந்தப் பிள்ளையை மறுபடி தோண்டி எடுத்து எல்லாரும் பேசுவாங்க."

"அப்ப அர்மானைக் கூப்பிட்டுக் கேளு."

"என்னன்னு கேக்க? உங்க மகன் செத்ததை ஒரு எண்ணா வெச்சிருந்தேன்னா?"

கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதிப் பார்த்தாள். யாருடைய சொந்தம் என்று கெல்சி போனில் கேட்டாள். டோரீன் அந்தத் தடையையே அழித்துவிட்டாள். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய மெஷினைப் போட்டு வெறும் நீலத் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். நான் பார்லி சூப் கொண்டு போனால், "அங்க வை" என்பாள். எனக்கும் அலுத்துவிட்டது. ஒருநாள், "நீ என்ன, ஊருக்கே கடவுளா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

டிசம்பரில், சீசனின் இரண்டாம் பாதிக்கான புதிய அட்டவணை எல்லோருடைய போனுக்கும் வந்தது. ஜனவரி இருபத்திரண்டு, ஞாயிறு மதியம் இரண்டு மணி, மூன்றாவது பனித்தளம்: பெலான்ஜே, சட்டர். இரண்டு பேரில் ஒருவராவது தேதி மாற்றுவார் என்று டோரீன் காத்திருந்தாள். யாரும் மாற்றவில்லை.

அன்று எங்களுக்கும் பக்கத்துப் பனித்தளத்தில் ஆட்டம். டோரீன் ஒரு கல்லையும் உருப்படியாக விடவில்லை. அவள் கண் மூன்றாவது தளத்திலேயே இருந்தது. அர்மானுக்கு எண்பது வயது. குனிய முடியாததால் நீளக் கோலால் கல்லைத் தள்ளினார். வேய்ன் தலையில் ஒரு முடி இல்லை. ஆட்டம் முடிந்தபோது அர்மான் அணி ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தது. ஆகவே வாங்கித் தர வேண்டியவர் அவர்.

மாடிக் கூடத்தில் எங்கள் மேஜைக்கு அடுத்தது அவர்களுடையது. மற்றவர்கள் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கப் போயிருந்தார்கள். அர்மான் இரண்டு கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை வேய்ன் பக்கம் நகர்த்தினார். டோரீன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வலித்தது.

வேய்ன்தான் முதலில் பேசினான்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். என்னோட ஆடமாட்டேன்னு நீங்க கிளப்புல சொல்லி வெச்சிருக்கீங்கன்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சிருந்தேன்."

அர்மான் நிமிர்ந்து பார்த்தார். "நானா? நீ சொல்லி வெச்சிருக்கேன்னுல்ல நாங்க நெனச்சோம்."

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்?"

"எங்களைப் பாக்க முடியலையோன்னு. ஜினெட்டும் அப்படித்தான் சொல்லுவா, பாவம் அந்தப் பையனால முடியலன்னு." ஜினெட் அவர் மனைவி. நான்கு வருடம் முன்பு இறந்துபோனாள். "ஒவ்வொரு வருஷமும் அட்டவணையைப் பிரிட்ஜ் மேல ஒட்டிட்டு, முதல்ல உன் பேரைத்தான் தேடுவா. இந்த வருஷமாவது நமக்கு வருதான்னு. வரவே இல்ல. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தா. போன் பண்ணிக் கேளேன்னேன். கூப்பிட்டு வெச்சுக் கேக்கற கேள்வியா அது, ஒரு மேஜைல உக்காந்தா தானா வரும்னு சொன்னா."

டோரீன் என் கையை விட்டாள். எழுந்தாள். நான் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. அந்த மேஜைக்குப் போய் நின்றாள்.

"யாரும் சொல்லல, அர்மான். நான்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வராம நான்தான் எழுதி வெச்சிருந்தேன். எண்பத்தொன்பதுல இருந்து."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணியிருப்ப" என்றார். பிறகு, "ஆனா அவ போய்ட்டாளே, டோரீன்" என்றார்.

அர்மான் காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார், அவள் உட்கார்ந்தாள். அவர் வேய்ன் பக்கம் திரும்பி, ஜினெட்டின் கேள்வியைக் கேட்டார். கடைசியில் பிள்ளை ஏதாவது பேசினானா என்று.

வேய்ன் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"குளிருதுன்னான். என் கோட்டைப் போத்தினேன். மணி என்னன்னு கேட்டான், ஆறரைன்னேன். அப்ப அம்மா எழுந்திருப்பான்னான். அவ்வளவுதாங்க. பயப்படல."

"எழுந்துதான் இருந்தா" என்றார் அர்மான்.

அவர்கள் இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள். டோரீனை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு அவள்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எதைச் சொன்னாலும் இன்னொன்று பொய்யாகிவிடும் போலிருந்தது. அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்காமல் கையுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்து மூணு வருஷம், பெவ். மத்த வரியெல்லாம் வருஷா வருஷம் மாத்தினேன். அதை மட்டும் ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலடி. நல்லாத்தானே வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்."